வாட்டர்லூ காட்டில் வேட்டை: யாருக்கு அனுமதி, எப்போது, எதை வைத்து?

கேன்டன்_கார்த்தி | 3 செப்டம்பர் 2024

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் கேன்டனில் இருக்கிறேன். செல்சி பக்கத்தில் இருக்கும் வாட்டர்லூ ரிக்ரியேஷன் ஏரியாவுக்கு அடிக்கடி நடக்கப் போவேன். போன நவம்பரில் போனபோது பார்க்கிங் முழுக்க பிக்கப் வண்டிகள், ஆரஞ்சு வெஸ்ட் போட்ட ஆட்கள், ஒரு வண்டியின் பின்னால் கட்டிப் போட்ட மான். குழந்தை குட்டியோடு வருகிற இடத்தில் துப்பாக்கியா என்று பதறிப்போய் விசாரித்தால், எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறதாம்.

அன்றிலிருந்து எனக்கும் ஆசை ஒட்டிக்கொண்டது. என் தாத்தா செய்யாறு பக்கம் முயலுக்கு வலை கட்டியவர். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே யார் வேண்டுமானாலும் போகலாமா? என்ன லைசென்ஸ் வேண்டும்? எச்1பி விசாவில் இருக்கிறேன், துப்பாக்கியைத் தொடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேட்டையே பாவம் என்கிறவர்கள் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம், கோபமில்லை.

கிராஸ்லேக்_மணி | 3 செப்டம்பர் 2024

தம்பி, நான் வாட்டர்லூவுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மிச்சிகனில் "ஸ்டேட் பார்க்" என்று பெயர் இருந்தால், வேட்டைக்கென்று திறந்துவிட்ட பகுதி தவிர மற்ற இடத்தில் வேட்டை கிடையாது. "ரிக்ரியேஷன் ஏரியா" என்றால் தலைகீழ். மூடியிருக்கிறது என்று பலகை வைத்த இடம் தவிர மீதியெல்லாம் வேட்டைக்குத் திறந்ததுதான். வாட்டர்லூ 20,000 ஏக்கருக்கு மேல், ஜாக்சன், வாஷ்டனா என்று இரண்டு கவுண்டிகளில் பரந்து கிடக்கிறது. 1930-களில் விளைச்சல் செத்துப்போன பண்ணை நிலங்களை மத்திய அரசு வாங்கி, மரம் வளர்த்து, 1943-இல் மாநிலத்திடம் கொடுத்தது. அதனால்தான் நடுக்காட்டில் திடீரென்று பழைய கல்வேலியும் யாரோ வைத்த ஆப்பிள் மரமும் வரும். மானுக்கு அந்த ஆப்பிள் என்றால் உயிர்.

லைசென்ஸ் விஷயம். முதலில் பேஸ் லைசென்ஸ், உள்ளூர்வாசிக்கு 11 டாலர். இது இல்லாமல் வேறெதுவும் வாங்க முடியாது. முயல், அணில் போன்ற சிறு விலங்குகளுக்கு இதுவே போதும். மானுக்கு மேற்கொண்டு 20 டாலர், இரண்டு டேக் (அடித்த மானில் கட்டும் சீட்டு) உள்ள காம்போ என்றால் 40. வாத்துக்கு மாநில வாட்டர்ஃபவுல் லைசென்ஸ் 12 டாலர், கூடவே மத்திய அரசின் டக் ஸ்டாம்ப் 25 டாலர். வண்டி நம்பர் பிளேட்டில் ரிக்ரியேஷன் பாஸ்போர்ட் (மாநிலப் பார்க்குகளுக்கான நுழைவு அனுமதி) இருக்க வேண்டும் என்பதை நீ நடக்கப் போகும்போதே பார்த்திருப்பாய்.

1960 ஜனவரி 1-க்கும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் ஹன்டர் சேஃப்டி வகுப்பு முடித்த சான்றிதழ் காட்ட வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் அப்ரென்டிஸ் லைசென்ஸ் உண்டு, வகுப்பு இல்லாமலேயே இரண்டு லைசென்ஸ் ஆண்டுகளுக்கு வாங்கலாம். ஆனால் லைசென்ஸ் உள்ள, 21 வயது தாண்டிய ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கூட என்றால் போனில் அல்ல, வாக்கி டாக்கியில் அல்ல. கண்ணுக்கும் தெரிய வேண்டும், சாதாரணக் குரலில் கூப்பிட்டால் காதிலும் விழ வேண்டும், அந்தத் தூரம்.

விசா விஷயம் எனக்கு அரைகுறை. அதற்கென்றே இங்கே ஒருவர் இருக்கிறார், வருவார்.

ஃபாரம்_4473 | 4 செப்டம்பர் 2024

வந்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் எச்1பியில் இருந்தபோது இதையெல்லாம் கரைத்துக் குடித்தவன்.

நான்-இமிக்ரன்ட் விசாவில், அதாவது தற்காலிக விசாவில், உள்ளே வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். எச்1பி, எச்4, எல்1, எஃப்1, பெற்றோர் வருகிற பி2 எல்லாம் இதில் அடக்கம். சொந்தமாக வாங்குவது மட்டுமில்லை, நண்பனுடையதைக் கையில் வாங்கினாலும் அது "வைத்திருப்பது"தான். டீம் அவுட்டிங் என்று ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் ஆளுக்குப் பத்து தோட்டா சுட்டு போட்டோவும் போடுகிறார்களே, அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தடை பொருந்தாது. ஆக, கார்த்தி 11 டாலர் கொடுத்து வாங்கும் அந்தப் பேஸ் லைசென்ஸ்தான் அவரைக் காப்பாற்றும் காகிதம். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்திலும் இதைக் கேட்பார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, பாருங்கள். மிச்சிகன் லைசென்ஸ் ஆண்டு மார்ச் 1-இல் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31-இல் முடியும். சீசன்தான் முடிந்துவிட்டதே என்று புதுசு வாங்காமல் விட்டால், ஏப்ரல் 1 காலையில் அலமாரியில் பூட்டி வைத்த துப்பாக்கியே உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். மார்ச்சிலேயே புதுப்பித்துவிடுங்கள்.

2024 பிப்ரவரி 13 முதல் மிச்சிகனில் நீளத் துப்பாக்கிக்கும் (ரைஃபிள், ஷாட்கன்) போலீஸிடம் பர்ச்சேஸ் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அன்றே அமலுக்கு வந்த இன்னொரு சட்டம், 18 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்கிறது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர்கள் எதற்கும் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அந்த ஃபைலில் ஒரு கைது பதிவானால் மான் கறி ருசிக்காது.

நீலமலை | 4 செப்டம்பர் 2024

இத்தனை தலைவலி எதற்கு? வில் எடுங்கள் கார்த்தி. வில்லும் கிராஸ்போவும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி இல்லை. எந்த விசாவாக இருந்தாலும் பிரச்சினையில்லை, வேட்டை லைசென்ஸ் மட்டும் எடுத்தால் போதும்.

ஆர்ச்சரி மான் சீசன் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை. அப்புறம் டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை. நடுவில் வரும் நவம்பர் 15-30 துப்பாக்கி சீசன். வாரத்தின் எந்தக் கிழமையில் விழுந்தாலும் இந்தத் தேதி மாறாது. ஊரில் பொங்கல் லீவு விடுகிற மாதிரி, இங்கே பல பள்ளிகள் அன்றைக்கு மூடிக்கிடக்கும். இந்த வருஷம் வெள்ளிக்கிழமை வருகிறது, கூட்டம் எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் அதே காட்டுக்கு வாரநாளில் போனால் உங்களைத் தவிர ஈ காக்கை இருக்காது.

நடைப்பயணி_ரேவதி | 5 செப்டம்பர் 2024

கார்த்தி தனி இழை தொடங்கச் சொன்னார். ஆனால் நான் சொல்ல வருவது பாவ புண்ணியம் பற்றி இல்லை, அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

நோவையிலிருந்து வருகிறோம். இரண்டு பிள்ளைகள், ஒரு பழுப்பு நிற நாய். வாட்டர்லூ-பிங்க்னி டிரெயிலில் இலையுதிர் காலத்தில் நடப்பதுதான் எங்களுக்கு வருஷத்தின் பெரிய சந்தோஷம். போன வருஷம் டிரெயிலிலிருந்து இருபதடி தள்ளி ஒரு மரத்தின் மேல் ஆள். வில்லோடு. என் பையன்தான் முதலில் பார்த்தான். அந்த ஆள் மரியாதையாகத் தலையாட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பாஸ்போர்ட் கட்டணம் நானும்தான் கட்டுகிறேன். அக்டோபரும் நவம்பரும் அவர்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததா? டிரெயிலிலிருந்து குறைந்தது இவ்வளவு தூரம் தள்ளித்தான் உட்கார வேண்டும் என்று விதி ஏன் இல்லை?

கிராஸ்லேக்_மணி | 5 செப்டம்பர் 2024

ரேவதி, கேள்வி நியாயமானது. மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

450 அடி விதி ஒன்று உண்டு. ஆட்கள் குடியிருக்கும் வீடு, கேபின், பண்ணைக் கொட்டகை எதைச் சுற்றியும் 450 அடிக்குள் உரிமையாளர் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வேட்டை கூடாது. ஆனால் அது கட்டடத்துக்கான விதி. வில்காரர்களுக்கு அந்த வட்டமும் பொருந்தாது. சுகர்லோஃப் ஏரி, போர்ட்டேஜ் ஏரி முகாம்கள், எடி டிஸ்கவரி சென்டர் மாதிரி ஆட்கள் கூடும் இடங்களில் பலகை பார்த்துப் போக வேண்டும். நீங்கள் சொல்கிற மாதிரி டிரெயில் ஓரத்தில் கண்ணுக்கு எதிரே மரம் ஏறுகிறவன் சட்டத்தை மீறவில்லை, நாகரிகத்தை மீறுகிறான். மானும் அங்கே வராது என்பது தனி விஷயம்.

நடக்கிறவர்கள் ஆரஞ்சு போட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வேட்டைக்காரர்களுக்குத்தான் கட்டாயம்: துப்பாக்கி சீசனில் தொப்பியோ வெஸ்டோ, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஆரஞ்சு தெரிய வேண்டும். ஆனால் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக அந்தப் பழுப்பு நாய்க்கு. நவம்பர் அந்திப் பொழுதில், காய்ந்த புல்லுக்குள் ஓடுகிற பழுப்பு நாய் எப்படித் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பளிச்சென்ற துணி இல்லாமல் அந்த இரண்டு வாரம் அதை அவிழ்த்து விடாதீர்கள். வெள்ளைக் குல்லா, வெள்ளைக் கைக்குட்டை வேண்டாம். மிரண்டு ஓடும் மான் தூக்கிக் காட்டும் வால் வெள்ளை.

நவம்பர் 15-30க்கு மட்டும் கென்சிங்டன் மெட்ரோபார்க் போங்கள். அங்கே பொதுமக்கள் வேட்டை கிடையாது. உள்ளங்கையில் விதை வைத்து நீட்டினால் சிக்கடீ குருவி வந்து உட்காரும், பிள்ளைகளுக்கு அது இதைவிடப் பிடிக்கும்.

நடைப்பயணி_ரேவதி | 5 செப்டம்பர் 2024

கென்சிங்டனுக்குப் போகிறோம்தான். நான் ஏன் ஒதுங்கிப் போக வேண்டும் என்பதுதான் கேள்வியே. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஃபாரம்_4473 | 6 செப்டம்பர் 2024

ரேவதி மேடம், காசுக் கணக்கு எடுத்தீர்கள், அதனால் ஒன்று சொல்கிறேன். 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கி, தோட்டா, வில் உபகரணங்களுக்கெல்லாம் 11 சதவீத மத்திய வரி. அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குத்தான் போகிறது. நடக்கிறவர்களின் ஷூவுக்கோ முதுகுப்பைக்கோ அப்படியொரு வரி இல்லை. அதற்காகக் காடு அவர்களுடையது என்று ஆகிவிடாது, ஆனால் ஓசியில் வருகிறவர்களும் இல்லை.

இன்னொன்று, தெற்கு மிச்சிகனில் ஓநாய் இல்லை. மானைத் தின்ன மனிதனையும் காரையும் விட்டால் பெரிதாக யாரும் கிடையாது. வருஷத்துக்கு 50,000-க்கும் மேல் கார்-மான் மோதல் இந்த மாநிலத்தில். எம்-52 சாலையில் ராத்திரி ஓட்டிய யாரையும் கேளுங்கள்.

நீலமலை | 6 செப்டம்பர் 2024

காரை விடுங்கள், வசந்தத்தில் காட்டுத் தரையைப் பாருங்கள். மான் அதிகமான இடத்தில் டிரில்லியம் பூ இருக்காது, ஓக் கன்று முழங்கால் உயரம் தாண்டாது. எல்லாம் மொட்டையாகக் கடித்து வைத்திருக்கும்.

ஆன்னார்பர்_மாணவன் | 7 செப்டம்பர் 2024

அண்ணா, நான் எஃப்1. இங்கே யுனிவர்சிட்டியில் முழுநேரம் படிக்கிறேன். உள்ளூர்வாசிக் கட்டணமா, வெளியூர்க் கட்டணமா? வெளியூர்க்காரர்களுக்குப் பேஸ் லைசென்ஸ் 151 டாலர் என்று பார்த்து மயக்கம் வந்துவிட்டது.

ஃபாரம்_4473 | 7 செப்டம்பர் 2024

மிச்சிகனில் முழுநேர மாணவனாக நேரில் வகுப்புக்குப் போய், படிக்கும் காலத்தில் இங்கேயே தங்கியிருந்தால் உள்ளூர்வாசிதான். 11 டாலர். மாணவர் அடையாள அட்டையைக் கொண்டு போ. துப்பாக்கி பற்றி மேலே எழுதியதெல்லாம் எஃப்1-க்கும் அப்படியே பொருந்தும். டார்ம் அறையில் ஆயுதம் வைக்க யுனிவர்சிட்டி விடாது, வில்லுக்கும் கேட்டுக்கொள்.

கேன்டன்_கார்த்தி | 8 செப்டம்பர் 2024

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. சேஃப்டி வகுப்புக்குப் பதிவு செய்துவிட்டேன். மணி அண்ணா, முதல் வருஷமே மானுக்குப் போகலாமா, நேராகக் கேட்கிறேன். நவம்பர் 15-ஐ ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

கிராஸ்லேக்_மணி | 8 செப்டம்பர் 2024

வேண்டாம். நவம்பர் 15-ஐ இந்த வருஷம் மறந்துவிடு. பொதுநிலத்தில் அன்றைக்கு விடியும் முன்னே நூறு ஹெட்லைட் அலையும். எவன் எந்த மரத்தடியில் என்று யாருக்கும் தெரியாது. பழகாதவன் பழகுகிற நாள் அது இல்லை. இன்னொரு விஷயம், இது லிமிடெட் ஃபயர்ஆர்ம் மண்டலம். மானுக்கு ஷாட்கன், மஸ்ஸில்லோடர் (குழல் வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கி), அல்லது நேர்க்குப்பி தோட்டா, அதாவது கழுத்து குறுகாத குப்பி உள்ள தோட்டா போடும் ரைஃபிள்தான் (.35 அங்குல விட்டம் அல்லது அதற்கு மேல்). வடக்கே நண்பன் வைத்திருக்கும் .30-06 ரைஃபிளை இரவல் வாங்கி வந்து நின்றால் டேக் இருந்தும் கேஸ்தான்.

நீ அணிலில் தொடங்கு. சிரிக்காதே. அணில், முயல் இரண்டும் செப்டம்பர் 15 முதல் மார்ச் 31 வரை. நாளுக்கு ஐந்து. பேஸ் லைசென்ஸ் போதும். இங்கே இருக்கிற ஃபாக்ஸ் ஸ்குவிரல் ஊர் அணில் மாதிரி சுண்டைக்காய் இல்லை, கீரிப்பிள்ளை கனத்துக்கு இருக்கும்.

எப்படி என்றால், விடிகிற நேரத்தில் ஹிக்கரி மரங்கள் உள்ள மேட்டுக்குப் போய் ஒரு பெரிய ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார். முதல் கால் மணி நேரம் ஒன்றுமே இருக்காது, நீ வந்த சத்தத்தில் காடு வாயை மூடியிருக்கும். அப்புறம் மேலே கரகரவென்று கொறிக்கும் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் தெரியாது. ஹிக்கரி கொட்டையின் தோல் துண்டு துண்டாக, மரத்தூள் கொட்டுகிற மாதிரி கீழே இலை மேல் விழும். விழுகிற இடத்துக்கு நேர் மேலே பார். முதலில் வால் தெரியும். அது மரத்துக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டால் நீ அசையாதே, உன் தொப்பியையோ குச்சியையோ அந்தப் பக்கம் எறி. திரும்ப உன் பக்கம் வரும்.

இரண்டு மூன்று காலை இப்படி உட்கார்ந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மான் எந்தத் தடத்தில் சதுப்பைக் கடக்கிறது, எங்கே தனியார் வேலி தொடங்குகிறது எல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும். அப்புறம் அடுத்த அக்டோபரில் வில். மான் அதற்குள் ஓடிப்போய்விடாது.

கேன்டன்_கார்த்தி | 8 செப்டம்பர் 2024

தனியார் வேலி என்றதும் நினைவு வந்தது. மேப்பில் வாட்டர்லூ ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறதே?

கிராஸ்லேக்_மணி | 8 செப்டம்பர் 2024

ஆமாம், நடுநடுவே வீடும் பண்ணையும் உண்டு. மாநில இயற்கை வளத் துறையான டிஎன்ஆர் தளத்தில் மி-ஹன்ட் என்ற வரைபடம் இலவசம், அதைப் பார்க்காமல் கிளம்பாதே. மிச்சிகனில் பண்ணை நிலமும் அதை ஒட்டிய மரக்காடும் பலகை இல்லாவிட்டாலும் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாத இடம். நீ அடித்த மான் வேலி தாண்டிப் போய் விழுந்தாலும் கதவைத் தட்டிக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் "எடுத்துக்கோ" என்பார்கள். முடியாது என்றால் முடியாதுதான், அங்கே நின்று வாதாடாதே.

நீலமலை | 9 செப்டம்பர் 2024

மரத்தில் உட்காருகிறவர்களுக்குச் சில விதிகள், பொதுநிலத்தில் இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ட்ரீ ஸ்டாண்டை (மரத்தில் மாட்டும் இருக்கை) ஆணி அடித்தோ, திருகு போட்டோ மரத்தில் பொருத்தக் கூடாது. பட்டை வைத்துக் கட்டுகிற வகைதான். உங்கள் பெயரும் முகவரியும், அல்லது மிச்சிகன் டிரைவர் லைசென்ஸ் எண் அதில் ஒட்டியிருக்க வேண்டும். தரையில் போடும் கூடாரம் மாதிரியான பிளைண்டை இந்தத் தென்பகுதிப் பொதுநிலத்தில் அன்றாடம் கழற்றி எடுத்துப் போய்விட வேண்டும், ராத்திரி விட்டுவிட்டு வரக்கூடாது. பெயர் ஒட்டிவிட்டதால் மரம் உங்களுடையதாகிவிடாது. விடியற்காலை போனால் வேறு ஒருவர் அந்த ஓடைக்கரையில் இருப்பார். சண்டை போடாமல் கையாட்டிவிட்டு நகர வேண்டும்.

ஹார்னஸ் (விழாமல் தாங்கும் பாதுகாப்புப் பட்டி) கண்டிப்பாக. காலைத் தரையிலிருந்து எடுக்கும்போதே மாட்டுங்கள், மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று ஏறுகிறவர்கள்தான் விழுகிறார்கள்.

அப்புறம் மக்காச்சோளம், கேரட், சர்க்கரைவள்ளி எதையும் கொட்டி வைக்காதீர்கள். கீழ்த் தீபகற்பம் (நாம் இருக்கும் மிச்சிகனின் தென்பகுதி) முழுக்க 2019 முதல் மானுக்கு இரை போடத் தடை. பெட்ரோல் பங்க்கில் மூட்டை மூட்டையாக "டீர் கேரட்" விற்பார்கள். விற்பது குற்றமில்லை, கொட்டுவதுதான் குற்றம். நல்ல வியாபாரம்.

மிளகு_வறுவல் | 9 செப்டம்பர் 2024

இரை போடத் தடை வந்ததற்குக் காரணம் சிடபிள்யுடி என்கிற நோய். மானின் மூளையைச் சல்லடையாக்கிவிடும், மருந்து கிடையாது. மிச்சிகனின் காட்டு மான்களில் முதல் முதலாக 2015-இல் இங்ஹாம் கவுண்டியில் கண்டுபிடித்தார்கள். நம்ம ஜாக்சன் கவுண்டியிலும் உண்டு. ஒரே குவியலில் பத்து மான் வாய் வைத்தால் பரவும் என்பதால் தடை. மனிதனுக்கு வந்ததாகச் சான்று இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானைத் தின்ன வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வையுங்கள்.

இப்போது நான் வந்த வேலை. மான் கறியில் கொழுப்பு என்று ஒரு துளி விடாதீர்கள். ஆட்டுக் கொழுப்பு நினைப்பில் விட்டால் வாயில் மெழுகு ஒட்டின மாதிரி இருக்கும். மேலே இருக்கும் வெள்ளிச் சவ்வையும் உரித்து எடுத்துவிட வேண்டும். பின்தொடைக் கறியைச் சின்னதாக நறுக்கி, மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு போட்டுக் குக்கரில் வைத்து, அப்புறம் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, நல்லெண்ணெய், புதிதாக இடித்த மிளகோடு இரும்புச் சட்டியில் சுருட்டி எடுங்கள். முதுகோடு ஓடும் பேக்ஸ்ட்ராப்பை மட்டும் குக்கரில் போட்டுக் கொல்லாதீர்கள், அது வெறும் தவாவில் இரண்டு பக்கமும் காட்டி எடுப்பது.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. ஈயத் தோட்டா உள்ளே போய்ச் சிதறும், காயத்திலிருந்து தள்ளியும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இருக்கும். செம்புத் தோட்டா வாங்குங்கள், அல்லது காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். அம்பு என்றால் இந்தக் கவலை இல்லை.

கறி மிஞ்சினால் மிச்சிகன் ஸ்போர்ட்ஸ்மென் அகெய்ன்ஸ்ட் ஹங்கர் என்ற அமைப்பு வழியாக உணவு வங்கிக்குக் கொடுக்கலாம். விற்கக் கூடாது.

ஆன்னார்பர்_மாணவன் | 10 செப்டம்பர் 2024

ஊரில் மான் கறி என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டாலே வனத்துறை வீட்டுக்கு வரும். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மிளகு_வறுவல் | 10 செப்டம்பர் 2024

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே, இங்கே வேறு சட்டம் என்று சொல். நம்பமாட்டார்கள். கறியை ஊருக்கு மட்டும் எடுத்துப் போகாதே.

நீலமலை | 10 செப்டம்பர் 2024

பறவைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அக்டோபர், நவம்பரில் வாட்டர்லூ பக்கம் சாண்ட்ஹில் கொக்குகள் ஆயிரக்கணக்கில் கூடும். பக்கத்திலேயே ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் ஹேன்லி சரணாலயம் இருக்கிறது, சாயங்காலம் அங்கே போய் நின்றால் வானம் முழுக்க அதுதான். மிச்சிகனில் அதற்கு சீசனே கிடையாது, சுடக்கூடாது. மங்கின வெளிச்சத்தில் கனடா வாத்தையும் அதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கொக்கு கழுத்தையும் காலையும் நீட்டிக்கொண்டு பறக்கும், வாத்துக்குக் கால் வெளியே தெரியாது. சத்தமும் வேறு.

மோர்னிங் டவ் என்கிற காட்டுப் புறாவும் இங்கே தடை. 2006-இல் அதற்கென்றே மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு வைத்து மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நடைப்பயணி_ரேவதி | 11 செப்டம்பர் 2024

வாக்கெடுப்பு வைத்து ஒரு பறவையைக் காப்பாற்ற முடிந்தது என்றால், டிரெயில் ஓரத்தில் ஒரு நூறு அடியைக் கேட்க முடியாதா? நான் வேட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. டிரெயிலின் இரு பக்கமும் ஒரு பட்டை விடுங்கள், அவ்வளவுதான்.

ஃபாரம்_4473 | 11 செப்டம்பர் 2024

கேட்கலாம், இடமும் இருக்கிறது. 1996-இல் வந்த புரபோசல் ஜி-யின்படி, வேட்டை விலங்குகளை எப்படி வேட்டையாடலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் மிச்சிகனில் நேச்சுரல் ரிசோர்சஸ் கமிஷனுக்குத்தான். அதன் கூட்டங்கள் பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம், குடியுரிமை கேட்கமாட்டார்கள். எழுத்திலும் அனுப்பலாம். பார்க்குக்குள் எந்தப் பகுதியை மூடுவது என்பது டிஎன்ஆர் போடும் நில ஆணை, அதுவும் அதே மேஜைக்குத்தான் தகவலாகவாவது வரும். அங்கே பேச வருகிறவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்கள்தான். நடக்கிறவர்கள் வருவதே அபூர்வம், அதனால்தான் நீங்கள் போக வேண்டும் என்கிறேன்.

கிராஸ்லேக்_மணி | 11 செப்டம்பர் 2024

ரேவதி, நீங்கள் எழுதிக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். நூறு அடி தள்ளிப் போக முடியாதவன் மான் வேட்டைக்கே லாயக்கில்லை. ஆனால் துப்பாக்கிக்கு நூறடி போதாது என்று எனக்குத் தோன்றுகிறது, திசையும் சேர்த்து எழுத வேண்டும். டிரெயிலை நோக்கிச் சுடக்கூடாது என்று.

நடைப்பயணி_ரேவதி | 12 செப்டம்பர் 2024

நீங்கள் சம்மதிப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வார இறுதியில் ஒரு வரைவு எழுதி இங்கேயே போடுகிறேன், குறை சொல்லுங்கள். நாய்க்கு ஆரஞ்சு வெஸ்ட் எங்கே கிடைக்கும்?

கிராஸ்லேக்_மணி | 12 செப்டம்பர் 2024

செல்சியில் எந்த ஹார்டுவேர் கடையிலும், பண்ணைச் சாமான் கடையிலும் அக்டோபரில் வாசலிலேயே தொங்கும். நெஞ்சளவு எடுத்துக்கொண்டு போங்கள், நாய் எடையைப் பார்த்து வாங்கினால் பொருந்தாது.

கார்த்தி, வகுப்பு முடிந்ததும் சொல். 15-ஆம் தேதி ஞாயிறு, அணில் சீசன் திறக்கிற நாள், கூட்டம் இருக்கும். அதற்கு அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை லீவு போடு. பியர்ஸ் ரோடு பக்கம் வா, விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னே. துப்பாக்கி வண்டியில் வரும்போது தோட்டா இல்லாமல், உறையில் போட்டு இருக்க வேண்டும். லைசென்ஸைக் காகிதமாகவே கையில் கொண்டு வா, அங்கே சிக்னல் கிடையாது. மான் டேக் எடுத்திருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வா, அணிலுக்கு வந்த இடத்தில் ஆசை வரும்.

கேன்டன்_கார்த்தி | 12 செப்டம்பர் 2024

சரி அண்ணா. துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை, போலீஸ் பர்ச்சேஸ் லைசென்ஸ் கையில் வரட்டும். முதல் நாள் சும்மா உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன். அதற்கும் ஆரஞ்சு போட வேண்டுமா?

கிராஸ்லேக்_மணி | 12 செப்டம்பர் 2024

போடு. என்னிடம் ஒரு பழைய வெஸ்ட் இருக்கிறது, எக்ஸ்எல். உனக்குத் தொளதொள என்று இருக்கும், பரவாயில்லை.